மணையில் மூன்றாவது புத்தகம்

அரிசிக்குள் விரல் போய்க்கொண்டிருக்கிறது, மூன்று வயது விரல், நகத்தில் பாதி அழிந்த மருதாணி, அதைப் பிடித்திருக்கும் அப்பாவின் பெரிய கையில் வார்னிஷ் கறை, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியை விலக்கிக்கொண்டு விரல் போகிற இடமெல்லாம் அடியிலிருக்கும் பித்தளை வெளிச்சமாகத் தெரிகிறது, ஒரு சுழி, ஒரு வளைவு, நேராக ஒரு கோடு, பாத்துக்க அம்மிணி இதுதான் அ என்கிறார் அவர், குழந்தை அதைப் பார்க்காமல் ஒரு அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது, கலாமணி சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு இன்னும் இந்தத் தாம்பாளத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பது போல, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விஜயதசமிக்குப் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது, இன்று சரஸ்வதி பூஜை, கூடத்தில் மணை போட்டு மஞ்சள் துணி விரித்தாகிவிட்டது, அவளுடைய புத்தகம் ஏறிவிட்டது, பெங்களூரிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்து இறங்கிய மகள் நிறைமதியின் தடிப் புத்தகமும் ஏறிவிட்டது, இரண்டுக்கும் நடுவில் ஒரு புத்தகத்துக்கு இடம் விட்டிருக்கிறாள், அந்த இடம் இந்த வருடம் காலியாகத்தான் இருக்கும் என்று அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஆகஸ்ட் மாதமே சொல்லிவிட்டார், காலியாக இருக்காது என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அந்த வீட்டு வழக்கம் அது. மற்ற வீடுகளில் இருக்கிற புத்தகத்தையெல்லாம் அடுக்கி வைத்துப் பொட்டு வைப்பார்கள், இங்கே ஆளுக்கு ஒன்றுதான், ஒரு விஜயதசமியிலிருந்து அடுத்த சரஸ்வதி பூஜை வரைக்கும் படித்ததில் மனசுக்கு மிகப் பிடித்த ஒன்று, ஏன் பிடித்தது என்று மற்ற இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டுத்தான் மணையில் வைக்க வேண்டும், கடைசிப் பக்கம் வரைக்கும் முடித்திருக்க வேண்டும், முழுசா முடிக்காத பொஸ்தகத்தச் சாமிகிட்ட வெக்கறது பொய்க் கையெழுத்துப் போடறாப்பல என்பது சென்னியப்பன் போட்ட சட்டம், பூஜை முடிந்து துணியை மூடிவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் யாரும் எதையும் படிக்கக் கூடாது, அன்றைக்குக் காலண்டர் தாளைக்கூட அவர் கிழிக்க மாட்டார். முதல் வருடம் குழந்தை வைத்தது பதினாறு பக்க யானைப் படப் புத்தகம், ஏன் அம்மிணி பிடிச்சுது என்றதற்கு, யானை பெருசு என்று சொன்னது, கலாமணி அந்த வருடம் எதுவுமே படித்திருக்கவில்லை, வேறு வழியில்லாமல் சமையல் புத்தகத்தை வைத்தாள், முழுசா முடிச்சியா என்று அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்க, கடைசியில இருக்கற கோழி வறுவல் வரைக்குமுங்க என்றாள், ஏன் பிடித்தது என்றதற்கு, அதிலேயும் எல்லாம் கடைசியில நல்லபடியா வெந்துருதுங்க என்றாள், அவர் அதை வாங்கி மணையில் வைத்தார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கும் இப்படித்தான், சமைப்பாயா பாடுவாயா என்று கேட்காமல் நீங்க கடைசியா என்ன படிச்சீங்க என்று கேட்டார், கலாமணி பி.காம்., பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரில் ஆவண எழுத்தர் ஒருவரிடம் பத்திரம் தட்டச்சு செய்பவள், யோசித்துப் பார்த்துவிட்டு, கிரயப் பத்திரமுங்க என்றாள், கூடத்தில் உட்கார்ந்திருந்த சொந்தபந்தம், ஒரம்பரை ஜனமெல்லாம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை, முடிவு நல்லா இருந்துச்சுங்களா என்று கேட்டார், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க என்று சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள், அப்போதே சம்மதம் சொல்லியாகிவிட்டது என்று இன்றைக்கும் அவளுக்குத் தோன்றும். பத்திரத்தில் ஒரு சொல் மாறினால் நாலு சென்ட் அடுத்தவனுக்குப் போய்விடும், கிழக்கு மேற்கானால் கிணறே போய்விடும், இந்த வருடம் வரைக்கும் வேலையில் அவள் ஒரு எழுத்தை மாற்றித் தட்டியது கிடையாது, இதை இங்கேயே சொல்லி வைப்பது நல்லது, பின்னால் நடந்ததற்கு இது வேண்டும். அவருக்கு மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை, பகலெல்லாம் செப்புக் கம்பி, அதன்மேல் பூசுகிற வார்னிஷ், மாலையில் புத்தகம், காயிலுக்கு இடையில் செருகுகிற மஞ்சள் காகிதத்தைக் கிழித்துப் பக்க அடையாளமாக வைத்துக்கொள்வார், வீட்டில் எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் வார்னிஷ் வாசம், அந்த வாசத்தில்தான் அவளும் ஒரு மழைக்காலத்தில் சும்மா புரட்டுவது போல ஒன்றை எடுத்து, அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வரைக்கும் படித்தாள், அன்றைக்குக் கருகின குழம்பை அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு, எத்தனாவது பக்கம் என்று மட்டும் கேட்டார்.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, காப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள், கலா, உன்ற கண்ணாடிய என்ற டப்பாவுல வெச்சுட்டியா என்கிறார், இல்லீங்களே என்கிறாள், அவர் கண்ணாடியைத் துடைக்கிறார், போடுகிறார், கழற்றுகிறார், அவளுடையதை வாங்கிப் போட்டுப் பார்க்கிறார், மடியில் பாதி படித்த ‘மூன்றாம் மதகு’ என்கிற நாவல், நடுவில் மஞ்சள் காகிதம், எழுத்தெல்லாம் இருக்குது கலா, ஆனா ஒண்ணும் எழுத்தா இல்ல என்றார், பயந்த குரலில் இல்லை, ஓடாத மோட்டாரைப் பற்றிச் சொல்கிற குரலில், எழுந்து வாசலுக்கு வந்தவர் வலது தோளைக் கதவில் இடித்துக்கொண்டு, ஆரு இதைய இங்க நகத்தி வெச்சது என்று கதவைத் திட்டினார். ஆஸ்பத்திரியில் மூளைக்குப் பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள், கை கால் பேச்சு எல்லாம் தப்பித்தது, பார்வையில் வலப்பக்கப் பாதி போயிற்று, டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து உங்க பேரை எழுதுங்க என்றதும் அவர் எப்போதும் போல அழகாக எழுதினார், இதைப் படிங்க என்று அதே தாளைத் திருப்பிக் காட்டினார்கள், அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், யாரு எழுதுனதுங்க இது என்றார். படிப்பது போய் எழுதுவது மட்டும் தங்குவது உண்டு, அபூர்வம் என்று டாக்டர் விளக்க, மோட்டாரு தண்ணியத் தள்ளுது, இழுக்க மாட்டேங்குதுங்களா என்று கேட்டார் சென்னியப்பன், டாக்டர் சிரித்துவிட்டார், கலாமணி வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்தாள்.

மாசி பங்குனி இரண்டு மாதமும் ஜெசிந்தா என்கிற பெண் வந்து பயிற்சி கொடுத்தாள், ஒரு தட்டில் ரவையைப் பரப்பி, சார், கண்ணுக்குத்தான் மறந்திருக்கு, கைக்கு மறக்கல, எழுத்தப் பாத்து அதே மாதிரி விரலால வரைங்க, வரையறப்ப என்ன எழுத்துன்னு கை சொல்லும் என்றாள், அவர் விரலை ரவையில் வைத்தார், எடுத்துவிட்டார், தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார், மூணு வயசுல ஒருக்கா அரிசியில எழுதியாச்சும்மா, ஐம்பத்து மூணுல மறுக்கா எழுத மாட்டன் என்றார், அதற்குப் பிறகு ஜெசிந்தா வந்தால் கடைக்குக் கிளம்பிவிடுவார், கடையில் கை தானாகக் கம்பி சுற்றியது, காதை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொன்னார், வீட்டுக்கு வந்தால் புத்தக அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கலாமணி படித்துக் காட்டுகிறேன் என்றபோதெல்லாம், நான் குருடன் இல்ல என்றார், தோசைத் தட்டில் வலது பாதி தோசை அப்படியே இருக்கும், அவள் தட்டைத் திருப்பி வைப்பாள், அந்த வருடம் அவள் படித்ததெல்லாம் இப்படித் திருப்பி வைத்த தட்டுகளுக்கு இடையில்தான், எறும்புகளைப் பற்றி ஒருவர் எழுதிய புத்தகத்தை மட்டும் இரண்டு தரம் படித்தாள், இப்போது மணையில் ஏறியிருப்பது அதுதான், வழி அழிந்தால் எறும்பு திரும்பிப் போவதில்லை, சுற்றிச் சுற்றி வாசம் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அதில் ஒரு அத்தியாயம். ஆனால் அவளும் எறும்பு இல்லை, ஆனி மாதம் ஒரு சாயங்காலம், அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் நாற்பது பக்கம் தட்டிவிட்டு வந்தவளிடம் அவர் மாத்திரை அட்டையை நீட்டி இது காத்தாலக்கா ராத்திரிக்கா என்று கேட்க, எல்லாத்தயும் நானே படிச்சுச் சொல்லோணுமா என்று சொல்லிவிட்டாள், சொன்ன வாய் மூடுவதற்குள் அவர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அதற்குப் பிறகு அவர் எதையும் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்கவே இல்லை, அட்டையின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டி வைத்து, ஒரு வெட்டுக் காலைக்கு, இரண்டு வெட்டு இரவுக்கு என்று தானே அடையாளம் செய்துகொண்டார்.

ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு அவரை வற்புறுத்திக் கூட்டிப் போனாள், கூட்டம் வலப்பக்கமாக வந்து வந்து மோதுகிறது, நான்கு பக்கமும் அட்டைகள், எல்லா அட்டையும் அவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது கடையிலேயே அவர் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார், இருபத்தி நாலு வருடத்தில் வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்தது இல்லை, வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், இந்த வருசம் மணையில ரெண்டு பொஸ்தகம் போதும் கலா, என்ற பொஸ்தகத்துக்கு எடம் உடாத என்றார். அந்த நிமிடத்தில்தான் அது நடந்தது, அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது, இவர் உயிரோடு உட்கார்ந்திருக்கிற வீட்டில் இவருடைய இடம் காலியாக இருப்பதாவது, இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, பாதி முடித்த புத்தகம் ஒன்று அலமாரியில் இருக்கிறது, பாக்கிப் பாதியை எப்படியாவது இவர் காதில் ஏற்றிவிட்டால் சட்டப்படி அது முழுசாக முடித்த புத்தகம், சரீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டு, தனக்குத்தானே படிப்பது போல ‘மூன்றாம் மதகை’ மஞ்சள் காகிதம் இருந்த பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தாள், வேண்டுமென்றே பத்திரம் படிக்கிற மாதிரி, நிறுத்தம் இல்லாமல், சண்டையையும் சரசத்தையும் ஒரே குரலில், வாய்க்கால் தண்ணீரும் வழிநடை பாத்தியமும் ஒன்றாக, பத்து நிமிடம் பொறுத்தார், பதினொன்றாவது நிமிடம் வாசற்படியில் வந்து நின்றார், அது பத்திரம் இல்ல கலா, மூச்சு உட்டுப் படி, அந்தப் பொம்பள அங்க அழுகறா, நீ அளந்து உட்டுட்டு இருக்கற. அப்படிங்களா, எனக்குத் தெரியலீங்க, நீங்க உக்காந்து சொல்லிக் குடுங்க என்றாள், அவர் உட்கார்ந்தார், தினமும் ஆறு மணிக்கு உட்கார்ந்தார், வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற வேலைக்காரன் மாரய்யன், அவன் பெண்டாட்டி செல்லாயி, வருடா வருடம் தண்ணீர் விடுகிற நாளில் மூன்றாம் மதகின் இரும்புச் சக்கரத்தை அவன் சுற்றுவதும் அவள் கரையில் நின்று பார்ப்பதுமாக ஓடுகிற கதை, அவர் இடையிடையே நிறுத்தி, அந்தச் சக்கரத்துக்குக் கிரீஸ் வெக்கோணும், இந்த ஆளு வெக்கவே மாட்டேங்கறான் என்பார், கடையிலிருந்து வந்ததும் முதலில் மாரய்யனைப் பற்றி விசாரிப்பார், மகள் போன் செய்தால் அவளிடமும் மாரய்யன்தான்.

புரட்டாசி பிறந்திருந்தது, இன்னும் அறுபது பக்கம், தட்டச்சு செய்கிறவளின் கண் எப்போதும் கைக்கு முன்னால் இரண்டு வரி ஓடும், அன்றைக்கு அவள் கண் வாய்க்கு முன்னால் இரண்டு வரி ஓடிப் போய் அப்படியே நின்றுவிட்டது, காய்ச்சலில் மாரய்யனுக்கு ஒரு கை விழுந்துவிடுகிறது, செல்லாயிதான் சக்கரத்தைச் சுற்றுகிறாள், இதுவரைக்கும் வாய் படித்துவிட்டது, கண் நின்றது அடுத்ததில், ஒருநாள் அலுப்பில், உனக்கும் சேத்து நானே சுத்தோணுமா என்கிறாள், எதிர்ப் பக்கத்தில் மாரய்யன் விடியலில் எழுந்து மதகுக்குப் போகிறான், தண்ணீருக்குள் இறங்குகிறான், வருவதில்லை. என்ன கலா நிறுத்திப்போட்ட என்றார். தொண்டை கட்டுதுங்க என்றாள், தண்ணீர் குடித்தாள், மாத்திரை அட்டையில் கத்தரி வெட்டிய ஓரம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, கிழக்கை மேற்கென்று ஒருநாளும் தட்டாத கலாமணி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அதில் இல்லாததைச் சொன்னாள், செல்லாயி அவன் பக்கத்தில் வந்து நின்றாள், தள்ளிக்க, உன்றது ஒரு கையி, என்றது ரெண்டு கையி, மூணு கையில சுத்தினா மூணாம் மதகு தொறக்காமப் போயிருமா என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், அதுதான் சரி என்றார்.

சாக வேண்டியவனை உயிரோடு நிறுத்திவிட்டால் பிறகு புத்தகம் உதவாது, பாக்கி அறுபது பக்கமும் செல்லாயி தனியாக இருக்கிற கதை, அதில் ஒரு வரி கூட இப்போது பொருந்தாது, எனவே மூன்று வாரம் தினமும் ஒரு மணி நேரம் கலாமணியே கதை சொன்னாள், புத்தகத்தை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பகலில் அலுவலகத்தில் பத்திரங்களுக்கு நடுவே அன்றைய பங்கை யோசித்து வைத்தாள், பக்கத்து நிலத்துக்காரனோடு வரப்புத் தகராறு வந்தது, எருமை ஒன்று கன்று போட்டது, மேலதிகாரி ஜீப்பில் வந்தார், மாரய்யன் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகினான், ஒருநாள் முதலாளி தட்டச்சுத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, ஏம்மா கலாமணி, வாங்கறவங்க பேரு வள்ளிநாயகி, செல்லாயின்னு அடிச்சிருக்கறயே, ஆரு அது என்றார், இருபத்தாறு வருடத்தில் முதல் பிழை, மன்னிச்சுக்கங்க என்று வாங்கி மறுபடியும் அடித்தாள், உள்ளூரச் சிரிப்பாக இருந்தது. சொல்கிற வாய் வாரத்தில் ஆறு நாளும் பத்திரத்தில் ஊறிய வாய், மேற்படி எருமை, மேற்படி வரப்பு என்று நாலு தரம் வந்துவிட்டது, அவர் ஒருநாள் தாடையைச் சொறிந்துகொண்டு, இந்த நாவல் எழுதுனவரு முன்ன பத்திர ஆபீசுல இருந்திருப்பாராட்ட இருக்குது என்றார், இருக்குமுங்க என்று அவள் மேலே போனாள், கடைசி நாள், தண்ணீர் விடுகிற நாள், இரண்டு பேரும் மூன்று கையால் சக்கரத்தைச் சுற்றினார்கள், முற்றும் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள், அப்பாடா என்று அவருக்குக் கேட்காமல் சொல்லிக்கொண்டாள்.

இப்போது இந்தக் காலை, தாம்பாளம், கையில் புளி, குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு நிறைமதி வருகிறாள், நெருப்புத் துப்புகிற ராட்சசப் பல்லி வருகிற அவளுடைய ஆங்கிலப் புத்தகத்தை வைத்தபோதே காரணத்தைச் சொல்லிவிட்டாள், படிக்கறப்ப ஆபீஸ் ஞாபகமே வரலப்பா, அதே போதும், இப்போது அலமாரியிலிருந்து ‘மூன்றாம் மதகை’ எடுத்துக்கொண்டு வருகிறாள், அப்பாவோடது இதுதானேம்மா, வெச்சறட்டுமா என்றவள் அப்பா பக்கம் திரும்பி, நீங்க போன்ல சொல்லிச் சொல்லி நானும் ஒண்ணு வாங்கி ரயில்ல முடிச்சுட்டேன்ப்பா, ஆனா அந்த மாரய்யன் சாகாம இருந்திருக்கலாம், செல்லாயி அப்படி ஒரு வார்த்த சொல்லியிருக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து பொரியில் கடலையைக் கலந்துகொண்டிருந்த சென்னியப்பன் கையை நிறுத்தவில்லை. கலாமணிக்கு ஒரு கணம், மகளைக் கண்ணால் அடக்கிவிட்டு, வெச்சரு கண்ணு என்று சொல்லிவிடலாம் போலிருந்தது, மூன்றாவது இடம் நிரம்பிவிடும், எட்டு வாரம் பட்ட பாடு அதற்குத்தான், ஆனால் மணைக்கு முன்னால் நின்றுகொண்டு அது முடியவில்லை, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள், வெக்காத கண்ணு, அவரு கேட்டது அந்தக் கதை இல்ல, பாதிக்கு மேல நான் மாத்திச் சொல்லிட்டேன், அவரு அந்தப் பொஸ்தகத்த முழுசா முடிக்கல.

தெரியும் என்றார் அவர். பொரியை ஒதுக்கி வைத்தார். மூணு வாரமாப் பக்கம் புரட்டற சத்தமே வரல, காது இருக்குதல்ல எனக்கு. பிறகு எழுந்து, கதவின் வலப்பக்கத்தைக் கையால் தொட்டுத் தொட்டு உள்ளே போய், பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார், அதில் மஞ்சள் காகிதம் செருகியிருந்தது, என்ற பொஸ்தகம் இது, நான் முடிச்ச பொஸ்தகம் என்று மணையின் நடுவில் வைத்தார். என்னப்பா இது என்றாள் நிறைமதி. உங்கம்மா சாயங்காலம் சொன்னத மறுநாக் காத்தால எழுதி வெச்சது, அவ ஆபீசு போனதுக்கு அப்புறம். நிறைமதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள், நீங்க போட்ட சட்டம்தானேப்பா, முழுசாப் படிச்சிருக்கணும், இத உங்களால படிக்க முடியாதே. எழுதுனவன் முடிக்காமயா எழுதியிருப்பான், உன்ற சட்டத்தயெல்லாம் பெங்களூர்ல வெச்சுக்க. சரி, ஏன் பிடிச்சுது, அதச் சொல்லீட்டு வெய்யுங்க. அவர் கலாமணியைப் பார்க்கவில்லை, நோட்டின் ஓரத்தை மணையின் ஓரத்தோடு நேராக்கினார், இதுல ஆரும் ஆரையும் தனியா உடல அம்மிணி என்றார்.

கலாமணி நோட்டை நோக்கிக் கையை நீட்டினாள், அவர் மஞ்சள் துணியின் மறுபாதியை எடுத்து மூன்றையும் மூடிவிட்டார், இன்னிக்குப் படிக்கக் கூடாது கலா. பூஜை ஆயிற்று, சுண்டல் ஆயிற்று, கடைக்குப் போய்க் குறட்டுக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் வைத்துவிட்டு வந்தார்கள், அவள் கண் துணியின் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளை இவ்வளவு நீளமாக அவள் கடந்தது இல்லை, அவர் மட்டும் கால் மேல் கால் போட்டு, அக்கறையே இல்லாதவர் போலப் பொரி தின்றார்.

விஜயதசமி, வெயில் கூடத்துக்குள் வருவதற்குள் துணியை விலக்கியாகிவிட்டது, அவள் நோட்டைத் திறந்தாள், முதல் பக்கங்களில் வரிமேல் வரி ஏறி, செல்லாயி பேசுகிற வரி மாரய்யன் நடக்கிற வரியின் மேல் கிடக்கிறது, தான் எழுதினது எங்கே முடிந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, ஐந்தாறு பக்கம் தள்ளி வரிகள் நேராகின்றன, இரும்பு ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரிக்கும் கீழே கீழே நகர்த்தியிருக்கிறார், அவள் சொன்னது அத்தனையும் இருக்கிறது, எருமை, வரப்பு, ஜீப், மூன்று கை, அவள் சொல்லாததும் இருக்கிறது, இந்த எடத்துல கலா இருமுனா, இங்க குக்கர் கத்துச்சு எந்திரிச்சுப் போயிட்டா, இந்த எடத்துல அவ குரல் ஒருமாதிரி ஆச்சு நான் கேக்கல. நிறைமதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்ல நகர்ந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். கடைசிப் பக்கத்தில் முற்றும் இல்லை, பத்திரத்தின் முடிவு போல இரண்டு வரி, மேற்படி கதையைக் கேட்டு எழுதியவர் என்று போட்டு அவருடைய கையெழுத்து, மேற்படி கதையைச் சொன்னவர் என்று போட்டு அதற்கு நேரே வெற்றிடம்.

அவள் பேனாவை எடுத்தாள், இருபத்தாறு வருடமாக எத்தனையோ பேரை எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டியவள், தன் கையெழுத்தைப் போட்டாள், அவர் குனிந்து பார்த்தார், இதென்ன கலா, பூரான் ஓடுனாப்பல இருக்குது, இதைய நான் எப்படிப் படிக்கறது, பேரைத் தெளிவா எழுது. படிக்கறீங்களா என்றாள். படிக்கத்தான் போறன், அந்தத் தாம்பாளத்தை எடு, அரிசியப் போடு. அவள் பச்சரிசியைக் கொட்டிப் பரப்பினாள், நோட்டில் கையெழுத்துக்குக் கீழே தன் பேரைப் பெரிதாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதி அவருடைய இடப்பக்கம் வைத்தாள், அவர் முதல் எழுத்தைப் பார்த்தார், பார்த்தது போல அரிசியில் வரைந்தார், இல்லை என்றார், அழித்துவிட்டு மறுபடியும் வரைந்தார், சமையலறையில் பால் பொங்குகிற வாசம் வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை, மூன்றாவது தரம் விரல் கீழே வந்து வளைந்து திரும்பும்போது நின்றது, க என்றார். அடுத்ததற்கு இன்னும் நேரம் ஆயிற்று. லா என்றார், பிறகு கண்ணை மூடிச் சிரித்து, போதும், மிச்சம் தெரியும் என்றார். கலாமணி தலையை ஆட்டினாள், தெரியுமுங்கறது படிச்சதாகாது, முழுசா முடிங்க, நூத்தி முப்பது பக்கம் இருக்குது என்றாள், ஒரு நாளைக்கு ஒரு வரி வந்தாலும் சரீங்க, எத்தன பூசையானாலும் எடம் உடற பொறுப்பு என்னோடது.

அவர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு அரிசியைத் தடவிச் சமமாக்கினார், அரிசிக்குள் விரல் போகிறது, ஐம்பத்து மூன்று வயது விரல், ஓரத்தில் வார்னிஷ் கறை, மேலே எந்தக் கையும் இல்லை, போகிற இடமெல்லாம் பித்தளை வெளிச்சமாகத் தெரிகிறது, கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, தவறி, அழிந்து, மறுபடியும் ஒரு வளைவு, ஜன்னலிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த நிறைமதி ஒரு அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள், ம என்கிறார் அவர்.